ஒப்பீட்டுக் குழுவின் இருமல்

சமூகமளித்தோர்:

கொழும்பிலிருந்து வந்த திட்டப் பணிப்பாளர். அவருடைய பையைத் தூக்கி வந்தவர். மாவட்ட இணைப்பாளர் முஸ்தாக். கள உத்தியோகத்தர் துசாந்தினி. பிரதம அதிதி வரமாட்டார் என்று அவருக்குப் பதிலாக வந்தவர். அவர் பேசி முடித்த பிறகு வந்த பிரதம அதிதி. குர்ஆன் கிறாஅத் ஓத ஒருவர். வரவேற்புரைக்கு ஒருவர், நன்றியுரைக்கு இருவர். கமெராக்காரர்கள் மூவர். கல்முனையிலிருந்து ஓடும் தனியார் பஸ்களின் சாரதிகளும் நடத்துனர்களுமாக நாற்பது பேர். புரியாணிப் பொதிகள் அறுபது.

டாக்டர்: இல்லை.

சாரதிகளும் நடத்துனர்களும் சுகாதாரத்தின் மேல் ஆசைப்பட்டு வரவில்லை. வராதவர்களுடைய அனுமதிப் பத்திரம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்திருந்தது. சுகாதாரத்துக்காக வந்தவர் ஒரே ஒருவர்தான். மீராமுகைதீன், கல்முனை–பொத்துவில் பஸ்ஸின் நடத்துனர், சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், வயது ஐம்பத்துமூன்று. அவருக்கு மூன்று கிழமையாக இருமல்.

இருமலை அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் மூன்று நாட்களுக்கு முன்னர் மகள் முஸ்பிறாவுக்கு முதற்பிள்ளை பிறந்திருந்தது. ஆண்பிள்ளை. அர்ஹம் என்று பெயர். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது மீராமுகைதீன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டியபடியே இருமினார். மனைவி ஸகியா பிள்ளையோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இஞ்சாருங்க, இந்த இருமலோட புள்ளைக்குக் கிட்ட வராதீங்க. போய்ச் சோதிச்சி, ஒண்டுமில்லயெண்டு ஒரு துண்டு எடுத்திட்டு வாங்க. அதுக்குப் பொறகு நாள் முழுக்க மடியில வெச்சிரிங்க. ஆர் வேணாமெண்டு செல்லுற?”

வீடு முஸ்பிறாவின் சீதனம். எழுதிக் கொடுத்தவரே மீராமுகைதீன்தான். எழுதிக் கொடுத்த வீட்டின் வாசலில் நின்று அதிகம் கதைக்க முடியாது. வளவின் மூலையில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டிலில் பாயைப் போட்டுக்கொண்டார். டாக்டர் கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். சுகாதார நிகழ்ச்சி என்றால் டாக்டர் இருப்பார், டாக்டர் இருந்தால் துண்டு தருவார் என்று எண்ணிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். ஐம்பத்துமூன்று வயதில் இப்படி எண்ணியதற்கு அவரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பணிப்பாளர் பேசினார்.

“காற்றால் பரவும் நோயைவிட வேகமாகப் பரவுவது அறியாமை. ஆகவே முதலில் அறியாமையைப் பிடிப்போம். நோய் எங்கே ஓடிவிடப் போகிறது? அது இங்கேதான் இருக்கும். நாங்கள் மருந்து கொண்டு வரவில்லை, மருந்து தீர்ந்துவிடும். நாங்கள் வைத்தியரைக் கொண்டு வரவில்லை, வைத்தியர் மாற்றலாகிப் போய்விடுவார். நாங்கள் காணொளி கொண்டு வந்திருக்கிறோம். காணொளியை எத்தனை தடவை போட்டாலும் அது அப்படியே இருக்கும். இந்தத் திட்டத்தின் வெற்றி அறிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதை உண்மையாக்குவது இனி உங்கள் பொறுப்பு.”

கைதட்டினார்கள். மீராமுகைதீனும் தட்டினார். தட்டிக்கொண்டே இருமினார்.

பிறகு ஒரு பெட்டி சுற்றி வந்தது. உள்ளே நீலத் துண்டுகளும் மஞ்சள் துண்டுகளும். மீராமுகைதீனின் பஸ் சாரதி ஜவுபர், மருதமுனைக்காரர், பத்து வயது இளையவர், நீலம் எடுத்தார். மீராமுகைதீன் மஞ்சள் எடுத்தார். துண்டு என்றதும் அவருக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. திருப்பிப் பார்த்தார். எதுவும் எழுதியிருக்கவில்லை.

“சேர், எனக்கு மூணு கிழமையா இருமல். டொக்டர் எப்ப வருவார்?” என்று முஸ்தாக்கிடம் கேட்டார்.

“டொக்டர் எதுக்கு? இது சுகாதார நிகழ்ச்சி.” முஸ்தாக் அவருடைய கையைப் பார்த்தார். “மஞ்சளா? அப்ப உங்களோட இருமலப் பத்தி நான் கதைக்கவே கூடாது.”

“என்னத்துக்கு?”

“நீலம் எடுத்தவங்க படம் பார்ப்பாங்க. மஞ்சள் எடுத்தவங்க பார்க்க மாட்டாங்க. நீங்க ஒப்பீட்டுக் குழு. ஆறு மாசத்துக்குப் பொறகு எந்தக் குழு கூடுதலா இருமுது எண்டு பார்ப்பம். நீங்க கூடுதலா இருமினாத்தான் படம் நல்ல படம்.”

“நான் இருமாட்டி?”

“படம் சரியில்ல எண்டு வந்திரும். அப்பிடியெல்லாம் நடக்காது, இன்ஷா அல்லாஹ்.”

“இது என்ன இருமல் எண்டாவது செல்லுங்களேன் சேர். வீட்டில பச்சப்புள்ள இரிக்கி.”

“அதச் சொன்னாத் தகவல் கசிஞ்சிரும் காக்கா. தகவல் கசிஞ்சா ஆய்வு மௌத்து.” முஸ்தாக் ஒரு தம்பியைப் போல அவருடைய தோளைத் தட்டினார். “வெளிய போங்க. உங்களுக்குத்தான் முதல்ல சாப்பாடு.”

மஞ்சள் குழு இருபது பேரும் வெளியே வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்து, கடல் காற்றில், புரியாணி சாப்பிட்டார்கள். நீலக் குழு இருபது பேரும் மண்டபத்துக்குள் யன்னல்களைச் சாத்திக்கொண்டு படம் பார்த்தார்கள். பன்னிரண்டு நிமிடப் படம். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்து, மூடிய இடத்தில் பலர் கூடியிருக்க வேண்டாம், யன்னல்களைத் திறந்து வையுங்கள் என்றார். ஜவுபர் எழும்பி யன்னலைத் திறந்தார். வெளிச்சம் வந்தது. திரையில் வெள்ளை அங்கிக்காரர் மறைந்து போனார்.

“ஆர் அது யன்னலத் திறக்கிற? படம் தெரியல்ல, பூட்டுங்க!” என்றார் முஸ்தாக்.

திறந்த கணத்தில் புரியாணி வாசம் உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது தடவை படம் போட்டபோது ஏழு பேர் பின்கதவால் போய்விட்டார்கள். மூன்றாவது தடவை போடுவதற்கு முன்னர் முஸ்தாக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். அன்று மாலை அறிக்கையில், பார்வையாளர்களை இறுதிவரை தக்கவைத்தல் நூறு வீதம் என்று எழுதப்பட்டது. கொழும்பு அந்த வரியை மிகவும் விரும்பியது. அதற்குப் பிறகு இந்தத் திட்டத்தில் எங்கே படம் போட்டாலும் கதவு பூட்டப்பட்டது.

*

மறுநாள் மீராமுகைதீன் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்தவர் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்தார். திரையின் மேல்பகுதி மஞ்சளானது.

“நீங்க திட்டத்தில இரிக்கீங்க. உங்கட இருமல் இனி அவங்கட பொறுப்பு. அங்க போங்க.”

திட்ட அலுவலகம் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கள உத்தியோகத்தர் துசாந்தினி அங்கே இருந்தாள். திருக்கோவிலைச் சேர்ந்தவள். பட்டம் முடித்து நாலு வருடம் வீட்டில் இருந்து, கிடைத்த முதல் வேலை இது. கையில் பதிவுக்கான ஒரு டெப் கணினி வைத்திருந்தாள்.

“எத்தனை நாளா இருமல், நானா?”

“இருபத்திரெண்டு.”

“சளி வருதா?”

“ஓம்.”

“பின்னேரத்தில காய்ச்சல்?”

“லேசா.”

“மெலிஞ்சிட்டீங்களா?”

மீராமுகைதீன் எழுந்து நின்று இடுப்புப் பட்டியைக் காட்டினார். புதிதாக ஆணியால் குத்திய இரண்டு துளைகள் இருந்தன. துசாந்தினி எல்லாவற்றையும் அழுத்தினாள். டெப் ஒரு சத்தம் போட்டது.

“சரி நானா, பதிஞ்சிட்டன்.”

“மறுகா?”

“அவ்வளவுதான். பதியிறது மட்டும்தான் என்ட வேலை.”

“மகள், இதெல்லாம் என்னத்துக்குக் கேக்கிற? என்ன வருத்தமெண்டு உங்களுக்கு விளங்குதுதானே?”

துசாந்தினி கதவைப் பார்த்தாள். முஸ்தாக் உள்ளே தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“விளங்குது நானா,” என்றாள். “சொல்ல ஏலாது.”

இரண்டு கிழமை கழித்து மீராமுகைதீன் லீவு போட்டு அம்பாறைக்குப் போனார். பஸ் நடத்துனர் என்று தெரியாமலிருக்க, அங்கே ஆஸ்பத்திரியில் தன்னை மருதமுனை நெசவாளி என்று சொன்னார். சாரன் கரையின் நூல் எண்ணைக்கூட ஜவுபரிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தைத்தான் கேட்டார்கள். திரை மஞ்சளானது.

*

அடுத்த மாதம் பஸ்ஸில் படம் காட்டும் திரை பூட்டினார்கள். இங்கேதான் திட்டம் ஒரு சிக்கலில் மாட்டியது. ஒரே பஸ்ஸில் சாரதி நீலம், நடத்துனர் மஞ்சள். துண்டு எடுக்கும்போது பஸ் என்ற ஒன்றை யாரும் யோசித்திருக்கவில்லை. மறுபடியும் துண்டு எடுக்கலாமே என்று ஜவுபர் கேட்டார். பார்க்காமல் எழுந்தமானமாக எடுத்ததை மாற்றினால் அது எழுந்தமானம் ஆகாது என்று முஸ்தாக் விளக்கினார்.

எனவே படத்தைப் பார்க்க வேண்டியவர் சாரதி. பார்க்கக் கூடாதவர் நடத்துனர். திரையைச் சாரதிக்கு முன்னால், கண்ணாடியின் இடதுபக்கத்தில் பொருத்தினார்கள். கல்முனையிலிருந்து பொத்துவில் போய்ச் சேர எட்டுத் தடவை படம் ஓடும். ஓடும் நேரமெல்லாம் ஜவுபர் பார்க்க வேண்டும்.

“ரோட்டை ஆர் பாக்கிற சேர்?”

“ரோட்டை எத்தனை வருஷமாப் பார்க்கிறீங்க. அதுல புதுசா என்ன இரிக்கி?”

பயணிகள் ஆய்வில் இல்லை. அவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

காற்றுச் சத்தத்தில் படத்தின் குரல் கேட்கவில்லை என்று முதல் நாளே ஜவுபர் முறைப்பாடு செய்தார். யன்னல்களை மூடச் சொன்னார்கள். அன்றிலிருந்து கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே, எழுபது பேர் அடைந்த பஸ்ஸில், எல்லா யன்னல்களும் இறுக்கப்பட்டிருக்க, யன்னல்களைத் திறந்து வையுங்கள் என்ற குரல் மிகத் தெளிவாகக் கேட்டது.

மீராமுகைதீனுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். திரைக்கு முதுகு காட்டி, பின் மிதிபலகையில் நிற்க வேண்டும். காதில் பஞ்சோடு நடத்துனர் வேலை பார்ப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. நிந்தவூரில் இறங்க வேண்டிய பெண் ஒருத்தி நாலு தரம் கத்திப் பார்த்து, அட்டாளைச்சேனையில் இறங்கி, அவருடைய வாப்பாவையும் வாப்பாவின் வாப்பாவையும் ஏசிவிட்டுப் போனாள். மற்றவர்கள் அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து கத்தினார்கள். அவர் அவர்களுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருமினார்.

காரைதீவுச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஜவுபர் கைகழுவும் காட்சியில் இருந்தார். கடைசி நிமிடத்தில் பிரேக் பிடித்தார். மாடு தப்பியது. அன்று பஸ்ஸில் வந்திருந்த துசாந்தினி நடந்ததை எழுதி அனுப்பினாள். கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது: சாரதியின் கவனம் நூறு வீதம்.

கசிவுதான் பணிப்பாளருக்குப் பயம். நீலக் குழுவுக்குத் தெரிந்தது மஞ்சள் குழுவுக்குத் தொற்றிவிட்டால் ஆறு மாத வேலையும் போய்விடும். கசிவுத் தடுப்புச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. முஸ்தாக் அதைப் பஸ் நிலையத்தில் வைத்து உரத்து வாசித்தார். சாரதிக்கும் நடத்துனருக்கும் இடையே கனமான பிளாஸ்டிக் திரை கட்டப்பட வேண்டும். இருவரும் ஒரு மீற்றருக்குக் கிட்ட வரக் கூடாது. ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கக் கூடாது, குடிக்கும்போது கதை வரும். ஒன்றாக இருந்து சாப்பிடக் கூடாது. சாரதி வாய் தவறிக் கதைத்துவிடாமல் இருக்க எந்நேரமும் முகக்கவசம் அணிய வேண்டும். கொரோனா காலத்தில் மிஞ்சிய முகக்கவசங்கள் பெட்டி பெட்டியாக வந்தன.

“நடத்துனருக்கும் ஒண்டு தரவா சேர்?” என்று துசாந்தினி கேட்டாள்.

“அவருக்கு என்ன தெரியும் கசிய விட? வேணாம்.”

இதற்கிடையில் மாதா மாதம் மஞ்சள் குழுவைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அக்கரைப்பற்று பஸ் நடத்துனர் அச்சிமுகம்மது மூன்றாம் மாதம் வரவில்லை. துசாந்தினி அவருடைய வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். திரும்பி வந்து முஸ்தாக்கிடம் கேட்டாள்.

“அச்சிமுகம்மது நானா மௌத்தாயிட்டார் சேர். டெப்பில அதுக்குக் கட்டம் இல்ல. எதை அழுத்திற?”

முஸ்தாக் இறந்தவருக்காக இன்னா லில்லாஹி சொன்னார். அவர் கல்நெஞ்சர் அல்ல. சற்று நேரம் உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு டெப்பை வாங்கிப் பார்த்தார்.

“‘முகவரி மாற்றம்’ எண்டு ஒண்டு இரிக்கி. அதப் போடுங்க.”

*

நாலாம் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பொத்துவில் நிலையத்தில், ஜவுபருக்கு மனம் கேட்கவில்லை. பஸ் காலியாக இருந்தது. பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் மீராமுகைதீன் இருக்கையில் சரிந்து கிடந்தார்.

“ஜவுபர்,” என்றார் மீராமுகைதீன். பஞ்சை எடுத்துவிட்டிருந்தார். “நீ ஒரு நாளைக்குப் பதினாறு தரம் பாக்கிறாய். என்ட இருமலுக்கு அதுல என்ன செல்லுறான்?”

முகக்கவசத்துக்கு மேலே ஜவுபரின் கண்கள் சுழன்றன. “கையெழுத்து வெச்சிரிக்கன் காக்கா. வாய் திறந்தா என்ட பேமிட் போயிரும். கட்டிக் குடுக்க மூணு குமர் இரிக்கி எனக்கு.”

“வாயத் திறக்காத அப்ப. கையக் காட்டு.”

ஜவுபர் சுற்றிலும் பார்த்தார். நெஞ்சைத் தட்டினார். இருமுவதுபோலக் குலுங்கினார். உள்ளங்கையைக் குழியாக்கி வாய்க்குக் கீழே வைத்துத் துப்பிக் காட்டினார். எதையோ மூடுவதுபோல முறுக்கினார். வடக்கே, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில், கையை நீட்டினார்.

மீராமுகைதீன் இதை முழுக்க விளங்கிக்கொள்ளவில்லை. துப்பச் சொல்கிறான், வடக்குப் பக்கம் பார்த்துத் துப்பச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். இறங்கிப் போய், பஸ்ஸுக்குப் பின்னால் மணலில், வடக்கே பார்த்துத் துப்பினார். சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் வெற்றிலை போட்டிருக்கவில்லை. காலால் மணலைத் தள்ளி மூடினார்.

இதைப் பார்த்தவள் துசாந்தினி. அவள் முன்கடையில் தேநீர் வாங்க நின்றிருந்தாள். டெப்பைத் திறந்தாள். சைகை மூலம் கசிவு என்று பதிய வேண்டும். அதைப் பதிந்தாள். மணலில் மூடப்பட்டதைப் பதியவும் கட்டம் இருந்தது. அதையும் பதிந்தாள். டெப் இரண்டு தடவை சத்தம் போட்டது.

மறுகிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. சாரதிகள் தங்கள் இரண்டு கைகளையும் வாகனம் ஓட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். திட்டம் இதுவரை சொன்னவற்றில் உருப்படியானது இது ஒன்றுதான்.

மீராமுகைதீன் ஒரு தனியார் டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“சளியச் சோதிக்கணும். இண்டைக்கே. அது கவர்மென்ட் நெஞ்சு நோய் கிளினிக்கில மட்டும்தான். காலையில பன்னிரண்டு மணி வரைக்கும்தான் எடுப்பாங்க. நான் கடிதம் தாறன்.” பிறகு கேட்டார். “வீட்டில சின்னப் புள்ளைகள் இரிக்கா?”

“பேரன். நாலரை மாசம்.”

“தூக்கிறீங்களா?”

“இன்னும் இல்ல.”

“நல்லது,” என்றார் டாக்டர். அதைவிட வலிக்கும் வார்த்தையை அந்த ஆறு மாதத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கிளினிக்கில் கடிதத்தை வாங்கினார்கள். சிறிய போத்தல் ஒன்றையும் கொடுத்தார்கள். மீராமுகைதீன் போத்தலைக் கையில் பிடித்ததும் ஜவுபர் காட்டியது முழுவதும் விளங்கியது. மூடியை முறுக்கினார். அதற்குள் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துவிட்டார்கள்.

“திட்டத்தில இருந்து விடுவிப்புக் கடிதம் வேணும். இல்லாட்டி எங்களுக்கு எடுக்க ஏலாது. போத்தலைக் கொண்டு போங்க, கடிதத்தோட வாங்க.”

*

புடவைக்கடையின் மேல்மாடியில் முஸ்தாக் அவருக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். இதற்கு முன் யாருக்கும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை.

“காக்கா, உங்களுக்கே தெரியாது நீங்க ஆர் எண்டு. மஞ்சள் குழு இருபது பேர். ஒம்பது பேர் கத்தாருக்குப் போயிட்டாங்க. ஆறு பேர் ஆட்டோ ஓட்டப் போயிட்டாங்க. அச்சிமுகம்மது காக்கா… முகவரி மாறிட்டார். மிச்சம் நாலு பேர். அதுல மூணு பேர் இருமுறதே இல்ல. முழு ஆய்வும் உங்கட நெஞ்சிலதான் நிக்குது.”

“இரத்தம் வருது சேர்.”

“தெரியும். துசாந்தினி அனுப்பினா. கொழும்பில பார்த்திட்டு எவ்வளவு சந்தோசப்பட்டாங்க தெரியுமா?”

சொன்னதோடு நிற்கவில்லை. பணிப்பாளரையே தொலைபேசித் திரையில் கொண்டு வந்து காட்டினார். பணிப்பாளர் புன்னகைத்தார்.

“மீராமுகைதீன் அவர்களே, எத்தனையோ பேர் இடையில் விலகிச் சென்றார்கள். நீங்கள் நிலைத்து நின்றீர்கள். நாளை இந்த நாட்டின் ஆயிரக்கணக்கான சாரதிகள் இருமாமல் இருக்கப் போகிறார்கள் என்றால், அது நீங்கள் இன்று இருமுவதால்தான். தயவுசெய்து இன்னும் ஐந்து கிழமை.”

“ஐயா, எனக்குத் துண்டு ஒண்டு தாங்க. பேரனை ஒருக்காத் தூக்கணும்.”

“நிச்சயமாக. இறுதி நாளில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் காணொளி காட்டப்படும். அது உங்கள் உரிமை. அதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.”

திரை அணைந்தது. விலகுவதற்கு ஒரு படிவம் உண்டு என்று துசாந்தினி மெல்லச் சொன்னாள். முஸ்தாக் மறுக்கவில்லை. படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். விலகுபவரின் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று கடைசி வரியில் இருந்தது. மீராமுகைதீன் அதைப் படித்தார். வெறும் போத்தலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அந்த ஐந்து கிழமையும் அவர் பஸ்ஸில் போனார். மாலைகளில் கொட்டிலின் வாசலில் இருந்தபடி யன்னலைப் பார்ப்பார். ஸகியா பிள்ளையைத் தூக்கி யன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் காட்டுவாள். இந்த மாதங்களில் அர்ஹம் முதலில் கழுத்தை நிமிர்த்தினான். பிறகு கவிழ்ந்தான். பிறகு தானாக உட்கார்ந்தான். எல்லாவற்றையும் அவர் கம்பிக்கு வெளியே இருந்து பார்த்தார்.

“துண்டு?” என்று ஸகியா கேட்பாள்.

“கடைசி நாளில தாறாங்களாம்.”

*

இறுதி விழா அதே மண்டபத்தில் நடந்தது. பணிப்பாளர் முடிவுகளை வாசித்தார். காணொளி பார்த்த குழுவில் சுவாசத் தொற்று முக்கால்வாசி குறைந்திருந்தது. கல்முனை–பொத்துவில் பஸ்ஸில் மிகத் துல்லியமான முடிவு: ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே காற்று, காணொளி பார்த்த சாரதிக்கு ஒரு தும்மல்கூட இல்லை, பார்க்காத நடத்துனருக்கு இரத்தம். காணொளியின் ஆற்றலுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பிளாஸ்டிக் திரை, ஒரு மீற்றர், தனிக் கோப்பை, முகக்கவசம் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை. அவை ஆய்வின் பகுதி அல்ல. நிர்வாக ஒழுங்குகள்.

ஜவுபருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஏதாவது பேசச் சொன்னார்கள். அவர் முகக்கவசத்தைக் கழற்றாமல் நின்றார். ஆறு மாதப் பழக்கம். பிறகு கேடயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து மீராமுகைதீனைப் பார்த்து, நெஞ்சைத் தட்டி, உள்ளங்கையைக் குழியாக்கி, வடக்கே காட்டினார். அது நன்றியுணர்ச்சி என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

மணி பதினொன்று. துசாந்தினி மீராமுகைதீனின் பக்கத்தில் வந்து ஒரு கடித உறையைக் காட்டினாள்.

“விடுவிப்புக் கடிதம், நானா. நானே அடிச்சன். கிளினிக் பன்னிரண்டுக்குப் பூட்டிருவாங்க. நாளையில இருந்து ஹஜ்ஜுப் பெருநாள் லீவு, அஞ்சு நாளைக்கு இல்ல. ஓடுங்க.”

மீராமுகைதீன் உறையைப் பிடித்தார். மறுமுனையை முஸ்தாக் பிடித்தார்.

“கையெழுத்து வெக்கல்லியே இன்னும். ஒப்பீட்டுக் குழு படம் பார்த்தாத்தான் நான் கையெழுத்து வெக்கலாம். ஆய்வு ஒழுக்கநெறிக் குழு கேக்கும். படம் பாருங்க, வினாத்தாள நிரப்புங்க, கடிதத்த எடுத்திட்டுப் போங்க.”

“பன்னிரண்டு நிமிஷம்தானே சேர்?”

“தமிழில பன்னிரண்டு. பிறகு சிங்களத்தில, இங்கிலீசில. மூணு மொழிக்கும் சம உரிமை எண்டு இப்ப புதுசா வந்திரிக்கி. ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“எனக்கு இங்கிலீசு விளங்காது சேர்.”

“விளங்கணும் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல காக்கா. பார்த்தாப் போதும்.”

மற்ற மூன்று மஞ்சள்காரர்களும் புரியாணிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருமாதவர்கள், அவர்கள் பார்த்தென்ன, பார்க்காமலென்ன. மீராமுகைதீனை மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். சிறிய அறை. வெளிச்சம் வராமல் இருக்க யன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, கொளுக்கிகளை ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு கதிரை. துசாந்தினி வாசல்வரை வந்தாள்.

“சேர், கதவை மட்டும் திறந்து வைப்பம். ஒரு ஆள்தானே.”

“ஆறு மாசமா நூறு வீதம் வெச்சிரிக்கம் மிஸ். கடைசி நாளில தொண்ணூத்தொம்பது ஆக்கச் செல்லுறீங்களா?”

மீராமுகைதீன் உட்கார்ந்தார். சட்டைப்பையில் போத்தல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது. முஸ்தாக் படத்தைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். திரையில் வெளிச்சம் வந்தது. ஆறு மாதமாக முதுகு காட்டி நின்ற படம். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் அவருடைய கண்ணுக்கு நேரே பார்த்து, மிகவும் அன்பாகப் பேசினார்.

“இரண்டு கிழமைக்கு மேலாக உங்களுக்கு இருமல் இருக்கிறதா? தயவுசெய்து இந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே எழுந்து, சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.”

மீராமுகைதீன் எழுந்தார்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் சுற்றியது.